பள்ளத்தில் நட்ட கொம்பு

எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் கூட்டமாய்ச் சேர்ந்து ஆடினால், பெரியவர்களில் யாராவது ஒருவர் "இப்டி ஆடித்தான் ஒருத்தன் போய்ச் சேந்தான்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போவார். அது சுத்தப் பொய். என் அத்தை மகன் ஆடிச் சாகவில்லை. ஏரியில் இருக்க வேண்டிய ஒரு கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் செத்தான். அந்தக் கொம்பைப் பிடுங்கியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாரும் எனக்காகப் பரிந்துகொண்டு வர வேண்டாம். எனக்கு நிறையவே தெரிந்திருந்தது. தெரியாமல் போனது வேறு ஒன்று, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து மணலில் அரைமணி நேரம் நடந்தால் வந்துவிடலாம். டவுனுக்குப் போவதென்றால் படகில் ஏரியைக் கடக்க வேண்டும். சினிமா, டாக்டர், ஐஸ் விற்கிறவன் எல்லாம் அந்தக் கரையில். எங்கள் கரையில் மீனும் சண்டையும்தான் தாராளமாகக் கிடைக்கும். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய அந்த நாட்களில் இந்தக் கரைக்கு டான்ஸைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா.

நைனாவுக்குத் தம்பி, அத்தைக்கும் தம்பி. மூன்று பேரில் கடைசி. கல்யாணம் ஆகாதவர். மெட்ராஸில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தார். சினிமா ஸ்டுடியோவில் வேலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஸ்டுடியோவுக்கு எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவினார் என்பது எங்கள் வீட்டோடு நின்ற ரகசியம். டீ குடிக்க வரும் டான்ஸ்காரர்கள் கடை வாசலில் காலைத் தட்டிப் பழகுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். ஒரு டேப்ரெக்கார்டரும் இரண்டு பெல்பாட்டம் பேண்ட்டுமாகப் படகிலிருந்து இறங்கியவரைப் பார்த்து ஊர் சிரித்தது. அடுத்த வாரம் கோயில் முன்னால் அவர் ஒரு பாட்டுக்கு ஆடிக் காட்டினார். சிரித்தவர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். 'சூறாவளி டான்ஸ் குரூப்' என்று பழைய பாய்த்துணியில் நீலப் பெயிண்டால் எழுதினார். ஆறு பையன்கள், இரண்டு பெண் பிள்ளைகள். பெண்களில் சின்னவள் நான். பையன்களில் பெரியவன் அத்தை மகன், பதினைந்து வயது. எனக்கு முறைப்பையன் என்பதால் ஊர்ப் பெண்கள் என்னை அவனோடு சேர்த்துக் கேலி பேசுவார்கள். நான் அவனைக் கல்லால் அடிப்பேன். அவன் சிரிப்பான். அவனைப் போல ஆட அந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி மணலில் பூப்போல இறங்குவான்.

என் அம்மாவுக்கு நான் ஆடுவது பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ள தெருவுல ஆடுனா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று கரித்துக் கொட்டினாள். அத்தைதான் எனக்காகப் பேசினாள். "எவனும் கட்டலன்னா எம் புள்ள கட்டிக்குவான், நீ சும்மா இரு அண்ணி" என்று சொல்லி அம்மாவின் வாயை அடைத்தாள். எட்டுப் பேருக்கும் உடை தைத்ததும் அத்தைதான். பழைய நைலான் சேலைகளைக் கிழித்து, ஓரத்தில் வலைநூலால் குஞ்சம் வைத்து, கையாலேயே தைத்தாள். எனக்கு மட்டும் கழுத்தில் இரண்டு வரி சம்கி வைத்தாள். பிள்ளைகள் எல்லாரையும்விட என்மேல் அவளுக்கு ஒரு பிடி அதிகம்.

சித்தப்பா பழக்கிய மாதிரி இந்த உலகத்தில் வேறு எவரும் டான்ஸ் பழக்கியிருக்க மாட்டார்கள். ஏரியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆட வேண்டும். இரண்டு கணுக்காலிலும் துணிப்பையில் மணலை நிரப்பிக் கட்டிவிடுவார். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ஏறி நின்று, மண்ணெண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டே, "ஒன், டூ, த்ரீ, போர்" என்று கத்துவார். "தண்ணியில கனமா ஆடிப் பழகுனீங்கன்னா தரையில பறக்கலாம்டா" என்பார். நாங்கள் செத்துச் சுண்ணாம்பாகிக் கரையேறுவோம். ஆனால் பையை அவிழ்த்துவிட்டு மணலில் குதித்தால் நிஜமாகவே உடம்பு பஞ்சாக மேலே போகும். யாராவது ஒருவர் தப்பாகக் கால் வைத்துவிட்டால் அவர் திட்ட மாட்டார். டின்னைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளையை மட்டும் பார்த்து, "மறுபடியும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் எல்லாரும் நடுங்குவோம்.

லைட்ஹவுஸ் குப்பத்துத் திருவிழாவில் முதல் ஆட்டம். சாயங்கால வெயிலில், சாமி ஊர்வலத்துக்கு முன்னால், தெரு நெடுக ஆடிக்கொண்டே போனோம். கருவாடு காயப்போட்டிருந்த பாய்களையெல்லாம் ஜனம் எங்களுக்காகச் சுருட்டி ஓரம் வைத்தது. டவுனிலிருந்து வந்திருந்த பாய்மார் வீட்டுப் பையன்கள் விசில் அடித்தார்கள். "இன்னா ஜோரா ஆடுதுங்க பாரு!" என்று ஒரு கிழவி சாமிக்கு வைத்திருந்த பூமாலையை எடுத்து அத்தை மகன் மேல் போட்டாள். எனக்கு யாரும் மாலை போடவில்லை. நான் பின்வரிசையில் இருந்தேன். நான் எப்படி ஆடினேன் என்று வீட்டில் கேட்டபோது, "உன்னை எங்க தெரிஞ்சிது, முன்னால நிக்கிறவன் முதுகுதான் தெரிஞ்சிது" என்றார் நைனா. அன்றைக்கே எனக்கு ஒரு வெறி வந்தது. எங்கள் ஊர்த் திருவிழாவில் நான் முன்வரிசையில் நிற்க வேண்டும்.

ஆடி மாதக் கடைசியில் எங்கள் அம்மனுக்குத் திருவிழா. அதற்குப் புதிதாக ஒரு கம்பு டான்ஸ் சேர்த்தார் சித்தப்பா. தோள் உயரத்துக்கு ஆளுக்கொரு கம்பு கொண்டுவர வேண்டும். "நல்ல கம்பு கொண்டாந்தவங்க முன்வரிசை. இல்லாதவங்க பின்வரிசையில கையத் தட்டிகினு நில்லுங்க" என்றார். நான் நைனாவிடம் கேட்டேன். வீட்டுப் பின்னால் வலை கட்டுவதற்கு ஒரு கட்டு சவுக்குக் கொம்பு வைத்திருந்தார். "வலைக்கே கொம்பு பத்தாம நான் முழிக்கிறேன், உனக்கு ஆட்டத்துக்குக் கொம்பா? போடி அந்தாண்ட" என்று விரட்டிவிட்டார். இரண்டு நாள் அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஏரியில் நட்ட கொம்பு என்றால் எங்கள் ஆட்களுக்குச் சாமிக்கு அடுத்தபடி. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர்தான் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பாடு என்று பெயர். அந்த இடத்துக்கு அடையாளம் கொம்பு. அடுத்தவன் நட்ட கொம்பைத் தொட்டால் அவன் சோற்றில் கை வைத்த மாதிரி. கொம்பில் சாயக் கூடாது, கொம்பில் படகைக் கட்டக் கூடாது என்று பால்குடி மறக்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதிலும் தலையில் இரண்டு வெட்டு இருந்தால் அது ஊரே சேர்ந்து நட்ட ஊர்க்கொம்பு. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி ஒரு ஊர்க்கொம்பு எங்கள் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நின்றது. சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சல் தோண்டுகிறவர்கள் ஏரியடியில் தோண்டிவிட்டுப் போன ஒரு பள்ளம் அங்கே இருந்தது. மேலே தண்ணீர், உள்ளே முழுக்கச் சேறு. முந்தைய வருஷம் ஒரு எருமை இறங்கி, மேலே வர முடியாமல் செத்துப் போனது. அதற்குப் பிறகுதான் பள்ளத்தின் விளிம்பில் ஊர் அந்தக் கொம்பை நட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எருமையை நானே வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் முகத்துவாரம் மணல் மூடி, கடல் தண்ணீர் ஏரிக்கு வருவது நின்றிருந்தது. பள்ளத்தைச் சுற்றி என் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். பள்ளம் மட்டும் கறுப்பாக, வட்டமாக, நன்றாகத் தெரிந்தது. கண்ணுக்கே தெரிகிற பள்ளத்துக்குக் கொம்பு எதற்கு என்று நான் யோசித்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்றுதான் ஞாபகம். மத்தியான வெயிலில் கரையில் யாருமில்லாத நேரமாகப் போய் இரண்டு ஆட்டு ஆட்டினேன். அடி உளுத்துப் போயிருந்தது. முறிந்து கையோடு வந்துவிட்டது. தலையிலிருந்த இரண்டு வெட்டையும் மறைத்து, அம்மாவின் பழைய சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். பார்த்தால் கைப்பிடி மாதிரி அழகாகத்தான் இருந்தது.

சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ்ப்பக்கத்தில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. "தண்ணியில நின்ன கொம்பாச்சே. எங்கேந்து புடிச்ச?" என்றார்.

"நைனா குடுத்தாரு. பழைய வலைக்கொம்பு" என்றேன்.

அவர் மீன் அரியும் கத்தியை எடுத்து, உட்கார்ந்து, சிப்பிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். என் கையில் கீறிவிடக் கூடாது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு எட்டுக் கம்புக்கும் சிவப்பும் வெள்ளியுமாக ஜிகினாத் தாள் சுற்றினார். எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன. எனக்கு முன்வரிசை கிடைத்தது. இடது ஓரத்தில் அத்தை மகன், அவனுக்குப் பக்கத்தில் நான்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊர் ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டித் திறந்தார்கள். கடல் உள்ளே புகுந்தது. நான்கு நாளில் ஏரி நிறைந்து, கலங்கி, செம்மண் நிறத்தில் நின்றது. இறாலும் வந்தது. நாங்கள் வழக்கமாக ஆடும் இடத்தில் வலை கட்டிவிட்டார்கள். அதனால் காலை ஆட்டத்துக்குச் சித்தப்பா எங்களை வேறு பக்கம் கூட்டிப் போனார். கால்களில் மணல்பைகளை அவரே கட்டிவிட்டார். பிறகு படகின் மேல் ஏறி, கண்ணுக்கு மேல் கையை வைத்து ஏரியைப் பார்த்தார்.

"பள்ளத்துக்கொம்பு இந்தப் பக்கந்தானே இருந்திச்சி?"

"அது இன்னும் வடக்கால மாமா" என்று அத்தை மகன் எங்கேயோ கையைக் காட்டினான்.

சித்தப்பா இன்னொரு தடவை பார்த்தார். "ஆமா, இங்க கொம்பு ஒன்னுங் காணோம். எறங்குங்கடா" என்றார்.

பள்ளம் அங்கேதான் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். திறந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொன்னால் அடி விழும் என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. முன்வரிசை போய்விடும். இன்னும் மூன்று நாளில் திருவிழா. எல்லாருக்கும் நீந்தத் தெரியும், விழுந்தால் எழுந்துகொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

டின் சத்தம் தொடங்கியது. நான்கு அடி வலது, நான்கு அடி இடது. பிறகு கையைத் தூக்கி ஒரு சுற்று. இரண்டாவது முறை இடப்பக்கம் போனபோது எனக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு தடவை கொப்பளித்தது. திரும்பினேன். அத்தை மகன் இல்லை. அவனுக்கு இந்த விளையாட்டு வழக்கம்தான், நடுவில் முங்கி யார் காலையாவது பிடித்து இழுப்பான். நான் என் காலை இழுத்துக்கொண்டு சிரித்தேன். எல்லாருமே சிரித்தார்கள். "டேய், விளையாடாத, எண்ணிக்கை போவுது" என்று கத்திக்கொண்டே சித்தப்பா டின்னைத் தட்டினார். ஒன், டூ, த்ரீ, போர். நாங்கள் வலப்பக்கம் போய்த் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகுதான் டின் நின்றது.

சித்தப்பா தண்ணீரில் பாய்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்ததும் ஞாபகம் இருக்கிறது. நான்கு பேர் முங்கி முங்கி எழுந்தார்கள். முழங்கால் வரை சேற்றில் புதைந்து, நின்றவாக்கிலேயே இருந்தானாம். கரையில் கிடத்தியபோது காலில் மணல்பைகள் அப்படியே இருந்தன. நனைந்த கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. சித்தப்பா குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். அத்தை வந்து சேர்ந்தபோது அவர் இரண்டாவது கால் முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தார். அத்தை போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

திருவிழா நின்றது. கட்டிய தோரணத்தை அவிழ்த்தார்கள். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் படகில் போய்ப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கொம்பு தானாக விழுந்திருந்தால் மிதந்து கரைக்கு வந்திருக்கும், யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார்கள். யாருக்கு முதலில் தோன்றியதோ, நேரே சித்தப்பாவின் குடிசைக்குப் போய், மூலையில் சாத்தியிருந்த எட்டுக் கம்புகளையும் வெளியே எடுத்துப் போட்டு ஜிகினாத் தாளைக் கிழித்தார்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றோம். ஐந்தாவது கம்பில் அம்மாவின் சேலைத் துண்டு கழன்று மணலில் விழுந்தது. துண்டு மறைத்திருந்த இடத்தில் இரண்டு வெட்டு. சித்தப்பா ஓரடி நகர்ந்து அந்தத் துண்டின் மேல் காலை வைத்தார். பிறகு மெதுவாக அதை மணலுக்குள் தேய்த்தார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, அம்மாவின் சேலையை இப்படி மிதிக்கிறாரே, கண் தெரியவில்லையா என்று.

"இது யாரு கம்புடா?" என்று அவரைக் கேட்டார்கள். அவர் பதில் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் பேசவில்லை. சோறும் தின்னவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஊர்க்கொம்பைப் பிடுங்கினால் ஊரை விட்டுத் தள்ளுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை செத்ததற்கு என்ன தண்டனை என்று ஊர்ச்சட்டத்தில் கிடையாது. கொம்பைப் பிடுங்கியதற்கு இருந்தது. அதனால் எல்லாருடைய ஆத்திரமும் கொம்பைச் சுற்றியே வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலைமுடி விரிந்து கிடந்தது. நைனா வாசலில் கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அத்தை என்னை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். என் முகத்தைத் தடவினாள்.

"கண்ணு, நீ பொய் சொல்ல மாட்ட. அந்தக் கம்பை யாருடி எடுத்தாந்தது? நீ அவன் பக்கத்துலதானே நின்ன. உன்னை யாரும் ஒன்னும் பண்ண மாட்டாங்க, அத்தை இருக்கேன். சொல்லு."

நைனாவின் ஊசி நின்றுவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். கொம்பு கேட்டு நான் இரண்டு நாள் அழுததும், அவர் தராததும் அவருக்குத் தெரியும். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பாதான் எடுத்துகினு வந்தாரு" என்றேன்.

அத்தையின் கை என் கன்னத்தில் அப்படியே நின்றது. "யாரு? எந் தம்பியா?"

"ஆமா. எனக்கு ஆசையா ஒரு கம்பு கொண்டாந்தாரு. அதான் அது."

எங்கிருந்து எனக்கு அவ்வளவு சரளமாக வந்ததோ தெரியாது. நைனாவின் ஊசி மறுபடியும் வலைக்குள் போய் வரத் தொடங்கியது. அத்தை என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு நேரே நாட்டாமை வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். நான் நைனாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். சித்தப்பாவை நடுவில் நிறுத்தினார்கள். பெல்பாட்டம் இல்லை, மேல்சட்டை இல்லை, இடுப்பில் துண்டு மட்டும்.

"இன்னாப்பா, வாயில இன்னா கொழுக்கட்டையா? மூணு நாளா கேக்குறோம்" என்றார் நாட்டாமை. பிறகு என்னைக் காட்டினார். "உன் அண்ணன் பொண்ணு சொல்லுது, கொம்பை நீதான் கொண்டாந்து குடுத்தன்னு. சின்னப் புள்ள, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மெய்யா?"

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஆட்டத்தில் கால் தப்பாக வைத்துவிட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. இப்போது "மறுபடியும்" என்று சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அவர் நைனாவைப் பார்த்தார். நைனா குனிந்துகொண்டார்.

"மெய்தான்" என்றார் சித்தப்பா. "நாந்தான் புடுங்குனேன். புள்ள மேல தப்பில்ல."

அத்தை பெண்கள் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். "நீ வெளங்குவியாடா? எங்கூடப் பொறந்த பாவி! எங் கையால உனக்குச் சோறு ஊட்டுனேனேடா!" மறுபடியும் வாரினாள், மறுபடியும் தூற்றினாள். அவர் முகத்தைத் துடைக்கவில்லை, நகரவும் இல்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஏரியில் வலை கட்ட அவருக்கிருந்த பாடு முறையைப் பறித்தார்கள். ஊர் எல்லைக்குள் இனிமேல் கால் வைக்கக் கூடாது, ஊரார் யாரும் அவருக்குத் தண்ணீர், நெருப்பு, பேச்சு, படகு எதுவும் தரக் கூடாது என்று நாட்டாமை சொல்லி முடித்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. மாட்டிக்கொள்வேன் என்று மூன்று நாளாகப் பயந்து கிடந்த எனக்கு அவர் "மெய்தான்" என்றதும் உடம்பே லேசாகிவிட்டது. சித்தப்பா எங்களைவிடப் பெரியவர், எதையும் மறக்காதவர், எட்டுப் பேருடைய அடியையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். அவரே ஒத்துக்கொண்டார் என்றால் நான் சொன்னதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும். அல்லது நான் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன், அவரே நம்பும்படி. பயிற்சியில்கூட அவர் என்னை இப்படிப் பாராட்டியதில்லை என்று தோன்றியது. கர்வமாக இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் காலையில் டவுனிலிருந்து இறால் வாங்க வரும் பாய் தன்னுடைய படகில் வந்திருந்தார். ஊர்க்கட்டுப்பாடு அவருக்குக் கிடையாது. சித்தப்பா டேப்ரெக்கார்டரையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு அந்தப் படகில் ஏறினார். பாய் யாரிடமும் எதுவும் கேட்காமல் கோலை ஊன்றித் தள்ளினார். கரையில் நைனாவும் நானும் மட்டும் நின்றோம், கொஞ்சம் தள்ளி, எங்கள் படகுக்குப் பின்னால், ஊர் பார்த்தால் வலை உதறுகிற மாதிரி. சித்தப்பா எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. ஆரம்பாக்கத்தில் ஏதோ லாரி ஷெட்டில் இருக்கிறார் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள்.

படகு சின்னதாகும்வரை நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் சரியில்லை. அவரைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தெரிந்த நல்ல செய்தி ஒன்றுதான் இருந்தது. லுங்கியைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

"நைனா, சித்தப்பாவே ஒத்துகினாரு பாத்தியா? நான் சொன்னதுதான் சரி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அறைந்தார். அதுவரை என்மேல் கை வைக்காத மனிதர். நான் மணலில் போய் விழுந்தேன். மறுபடியும் அடிக்கக் கையை ஓங்கியவர், அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு செய்தேன் என்று ஊரறிய ஒத்துக்கொண்டவர் படகில் சௌக்கியமாகப் போகிறார், என்னை எதற்கு அடிக்கிறார் இந்த மனிதர் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.